அங்கீனா வேறு, ஆஞ்சைனா வேறு

ஜெர்மனியின் தென்பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவருக்கு 36 வயது, ஐடி வேலை. ஒரு சனிக்கிழமை இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்திருக்கிறது. எச்சில் விழுங்க முடியாத அளவுக்குத் தொண்டை வலி, ஆனால் சளியோ இருமலோ இல்லை. திங்கட்கிழமை குடும்ப டாக்டரிடம் போனார்கள். அவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், தாடைக்குக் கீழே கழுத்தை அழுத்திப் பார்த்தார், பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தடவி அங்கேயே ஒரு டெஸ்ட் செய்தார். பிறகு பென்சிலின் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு மருத்துவ விடுப்புச் சீட்டும் தந்தார். ஈசிஜி எடுக்கவில்லை. என்ன நோய் என்று கேட்டதற்கு அவர் சொன்னது புரியவில்லை. டாக்டருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, இவர்களுக்கு ஜெர்மன் அரைகுறை. கடைசியில் ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு சொல்லை எழுதிக் கொடுத்திருக்கிறார். இதயக் கோளாறால் வரும் நெஞ்சு வலிக்கு நாம் ‘ஆஞ்சைனா’ என்று படிக்கும் அதே ஆறு ஆங்கில எழுத்துகள்.

அந்தத் தாளின் படம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனதும் திருநெல்வேலியில் மாமனார் பதறிவிட்டார். அவருக்கு 51 வயதில் ஸ்டென்ட் வைத்தது. ஆஞ்சைனா என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. “உடனே நாக்குக்கு அடியில் மாத்திரை வை” என்று சொல்லியிருக்கிறார். ஊரிலிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் சார்பிட்ரேட் ஸ்ட்ரிப் இருந்தது. ஒரு மாத்திரை கொடுத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் மண்டையைப் பிளக்கும் தலைவலி. எழுந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதையும் இதயக் கோளாறின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தொண்டை வலி குறைந்ததும், ‘ஹார்ட் பிரச்சினைக்கு எதற்குப் பென்சிலின்’ என்று அதை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஆறு வயது மகள் இருக்கிறாள்.

வாசகி கேட்பவை இவை. டாக்டர் தவறான மருந்து கொடுத்துவிட்டாரா? அவர் மேல் புகார் செய்ய முடியுமா? உடனே சென்னைக்கு வந்து ஆஞ்சியோ எடுத்துவிடலாமா? இந்த நோய் பதிவானால் வேலைக்கும் பின்னால் எடுக்கப்போகும் இன்சூரன்ஸுக்கும் பாதிப்பு வருமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே அவசரமான இரண்டு விஷயங்களை மட்டும் எழுதி அனுப்பினேன். சார்பிட்ரேட் இனி ஒன்றுகூட வேண்டாம். பென்சிலினை நிறுத்தியதை இன்றைக்கே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போது நிதானமாக விளக்குகிறேன். இதே குழப்பம் ஐரோப்பாவில் வாழும் வேறு பலருக்கும் வந்திருக்கிறது, இனியும் வரும்.

முதலில் நீங்கள் நிம்மதியாக மூச்சு விடலாம். உங்கள் டாக்டர் தாளில் எழுதியது இதய நோயின் பெயர் அல்ல. ஜெர்மன் மொழியில் அந்த ஆறு எழுத்துகளை ‘அங்கீனா’ என்று உச்சரிப்பார்கள். சாதாரணப் பேச்சில் அதற்கு டான்சில் அழற்சி என்பதுதான் பொருள். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தவருக்கு எந்த ஜெர்மன் டாக்டரும் கூசாமல் எழுதும் சொல் அது. இதய நோயைக் குறிக்க வேண்டுமானால் கூடவே இன்னொரு லத்தீன் சொல்லைச் சேர்த்து ‘அங்கீனா பெக்டோரிஸ்’ என்பார்கள். பெக்டோரிஸ் என்றால் மார்பினுடைய என்று பொருள். உங்கள் தாளில் அந்த இரண்டாவது சொல் இல்லை.

நீங்கள் ஏமாந்தது இயல்பானது. நம் ஊரில் மருத்துவம் ஆங்கிலம் வழியாக வந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைத் தனியாகச் சொன்னாலே இதயம்தான். அதனால் உங்கள் மாமனார் சொன்னதிலும் தவறில்லை, டாக்டர் எழுதியதிலும் தவறில்லை.

தொண்டையில் பிறந்த சொல்

இந்தச் சொல்லுக்கு உரிமை கொண்டாடும் தகுதி தொண்டைக்குத்தான் அதிகம். லத்தீனில் ‘அங்கெரெ’ என்றால் நெருக்குவது, இறுக்குவது. கிரேக்கத்தில் ‘அங்கோனே’ என்றால் கழுத்தை நெரிப்பது. இந்தக் குடும்பத்தில் பிறந்த ‘அங்கினா’வைப் பழைய ரோமானியர்கள் தொண்டை வீங்கி மூச்சும் விழுங்கலும் அடைபடும் நோய்க்குப் பெயராக வைத்திருந்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் லத்தீனில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், தொண்டை நோய்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், நம்மவர்கள் இதை இந்தப் பெயரால் அழைக்கிறார்கள், கிரேக்கர்களிடம் வகைக்கு ஒரு பெயர் உண்டு என்று குறித்திருக்கிறார். தடுப்பூசி வருவதற்கு முன் தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியா குழந்தைகளை மூச்சு முட்ட வைத்துக் கொன்ற காலங்களை நினைத்தால், ‘நெரிப்பு’ என்ற பெயர் எவ்வளவு பொருத்தமானது என்று தெரியும்.

பெயர் நெஞ்சுக்கு இறங்கியது 18-ஆம் நூற்றாண்டில். வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1768 ஜூலையில் லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் ஒரு கட்டுரை வாசித்தார். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட உடனே நடக்கும்போதும், சிலருக்கு மார்பில் ஒரு வேதனை பிடிக்கிறது. அது இன்னும் சற்று நீடித்தால் உயிரே போய்விடும் போலிருக்கிறது. ஆனால் நின்ற மாத்திரத்தில் அத்தனையும் மறைந்துவிடுகிறது. இதுதான் அவர் கண்ட காட்சி. நெரிப்பது போன்ற உணர்வும் கலக்கமும் சேர்ந்தே வருவதால், தொண்டை நோயின் பெயரைக் கடன் வாங்கி ‘மார்பின் அங்கினா’ என்று பெயரிட்டார். கட்டுரை 1772-இல் அச்சில் வந்தது. இன்றைக்கும் நான் மருத்துவ மாணவர்களுக்கு நெஞ்சு வலியைச் சொல்லிக்கொடுக்கும்போது அதைவிடத் தெளிவான விவரிப்பு கிடைப்பதில்லை. இதற்குக் காரணம் இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் அடைப்பு என்பது ஹெபர்டனுக்குத் தெரியாது. அந்தச் சந்தேகத்தை முதலில் கிளப்பியவர்களில் ஒருவர், பெரியம்மைத் தடுப்பூசியால் நாம் அறிந்த எட்வர்ட் ஜென்னர்.

கடன் வாங்கியதற்குக் காரணம் தமிழர்களுக்குச் சுலபமாகப் புரியும். நமக்கும் ‘தொண்டை அடைக்கிறது’, ‘நெஞ்சை அடைக்கிறது’, ‘மாரடைப்பு’ எல்லாம் ஒரே அடைப்புதான். நாம் உறுப்பின் பெயரை முன்னால் சேர்த்துச் சொல்வதால் குழப்பம் இல்லை. ஆங்கிலம் காலப்போக்கில் ‘மார்பின்’ என்ற பகுதியை உதறிவிட்டு முன்பாதியை மட்டும் இதயத்துக்கு வைத்துக்கொண்டது. தொண்டைக்கு வேறு சொற்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன. நாயின் கழுத்தை நெரிப்பது என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து திரிந்துவந்த ‘க்வின்சி’ அவற்றில் ஒன்று. ஐரோப்பாவின் மற்றப் பெரும்பகுதியில் சொல் பிறந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

எந்த நாட்டில் எது

பிரான்ஸில் ‘ஆன்ஜீன்’ என்றால் தொண்டைதான். சிவந்து மட்டும் இருந்தால் சிவப்பு ஆன்ஜீன், டான்சில்மேல் வெள்ளை படிந்திருந்தால் வெள்ளை ஆன்ஜீன் என்பார்கள். உங்கள் கணவருக்குச் செய்தது போன்ற உடனடி டெஸ்ட்டை அங்கே மருந்துக்கடையிலேயே செய்துகொள்ள முடியும். இதய நோய்க்கு ‘மார்பின் ஆன்ஜீன்’ என்று முழுதாகச் சொல்வார்கள். டாக்டர்கள் ‘ஆங்கோர்’ என்று எழுதுவதும் உண்டு. ஸ்பெயினில் பன்மையில் ‘அன்ஹீனாஸ்’ என்றால் டான்சில் வீக்கம். ஒருமையில், மார்பு என்ற சொல்லோடு சேர்ந்து வந்தால் இதயம்.

போலந்தில் ‘அங்கினா’ டான்சில் அழற்சிதான். இதயத்துக்கு அவர்கள் மூச்சுத் திணறலைக் குறிக்கும் தங்கள் சொந்தச் சொல்லிலிருந்து ‘துஷ்னித்சா’ என்று வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ரஷ்ய மொழியிலும் அங்கினா தொண்டைதான். இதயத்துக்கு ‘ஸ்டெனோகார்டியா’ என்ற கிரேக்கப் பெயர் இருக்கிறது. பழைய தலைமுறை அதை ‘மார்புத் தேரை’ என்றும் சொன்னது. ரஷ்யாவில் எம்பிபிஎஸ் படிக்கும் நம் பிள்ளைகள் வார்டில் ஒன்றையும் ஆங்கிலப் பாடநூலில் வேறொன்றையும் படித்துவிட்டு வருகிறார்கள் என்பதை அவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஸ்வீடனில் இந்தத் தொல்லையே இல்லை. தொண்டைக்கு ஒன்று, இதயத்துக்கு ‘ரத்தக்குழாய்ப் பிடிப்பு’ என்று பொருள் தரும் இன்னொன்று, இரண்டுமே அவர்களுடைய சொந்தச் சொற்கள்.

இன்னொரு சிறு செய்தி. நீங்கள் ஜெர்மன் படிக்கிறவர் என்பதால் சொல்கிறேன். பயத்துக்கு அவர்கள் சொல்லும் ‘அங்ஸ்ட்’, குறுகலுக்குச் சொல்லும் ‘எங்’ ஆகியவை லத்தீனிலிருந்து வந்தவை அல்ல. ஆனால் லத்தீன் அங்கெரெ பிறந்த அதே பழைய வேரின் இன்னொரு கிளை. பிரெஞ்சின் ‘ஆங்குவாஸ்’, ஸ்பானியத்தின் ‘அங்குஸ்தியா’, ஆங்கிலத்தின் ‘ஆங்ஸைட்டி’ எல்லாம் லத்தீன் பக்கத்துச் சொந்தங்கள். உடம்பு இறுகுவதும் மனம் கலங்குவதும் இத்தனை மொழிகளில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நெஞ்சு வலி நோயாளியிடம் நான் முதலில் கேட்பதும், ‘வலிக்கிறதா’ என்பதைவிட ‘இறுக்குகிறதா’ என்பதைத்தான்.

ஆஞ்சியோவுக்கு இதில் வேலை இல்லை

‘ஆஞ்சைனா என்றாலே ஆஞ்சியோதானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒலி ஒன்றுபோல இருப்பதால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆஞ்சியோ என்பது பாத்திரம், குழாய் என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் நெரிப்புக்கும் உறவு இல்லை. ஆஞ்சியோகிராம் என்றால் ரத்தக்குழாயைப் படம் எடுப்பது, அவ்வளவுதான். மூளைக்கும் எடுக்கலாம், காலுக்கும் எடுக்கலாம்.

உங்கள் கணவருக்கு இப்போது அது தேவையில்லை. கை அல்லது தொடை வழியாகக் குழாய் செலுத்தி, சாயம் ஏற்றி எடுக்கும் பரிசோதனை அது. நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லாத 36 வயதுக்காரருக்கு, தொண்டை வலிக்காக அதைச் செய்தால் ஆபத்து மட்டும்தான் மிச்சம். விமான டிக்கெட்டை ரத்து செய்யுங்கள்.

டாக்டர் செய்தது சரியா

நீங்கள் விவரித்த வரையில், நன்றாகவே செய்திருக்கிறார். 1981-இல் ராபர்ட் சென்டார் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் தொண்டை வலியில் பார்க்க வேண்டிய நான்கு அடையாளங்களைத் தொகுத்தார்கள்: காய்ச்சல், டான்சில்மேல் வெள்ளைப் படிவு, கழுத்தின் முன்பக்கத்தில் வலியோடு நெறி கட்டுதல், இருமல் இல்லாமை. டாக்டர் டார்ச் அடித்ததும் தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்ததும் இவற்றைத் தேடித்தான். தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, அவற்றுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. ஆகவே அவர் ஊகத்தில் எழுதிவிடாமல் குச்சியால் தடவி, ‘ஏ’ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருக்கிறதா என்று டெஸ்ட் செய்து, அதன் பிறகே பென்சிலின் எழுதியிருக்கிறார். அந்தக் கிருமிக்கு இன்றும் பென்சிலின்தான் முதல் மருந்து. ஈசிஜி எடுக்காதது கவனக்குறைவு அல்ல, அதற்கான காரணமே எழவில்லை.

இதற்கு அத்தாட்சி உங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. விடுப்புச் சீட்டின் படத்தையும் அனுப்பியிருந்தீர்களே, அதில் ‘ஜே 03.0’ என்று ஒரு குறியீடு, பக்கத்தில் ‘ஜி’ என்ற எழுத்து. அது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் எண். ‘ஜே’யில் தொடங்குபவை மூச்சுப்பாதை நோய்கள். ஜே 03.0 என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வந்த டான்சில் அழற்சி. ‘ஜி’ என்பது நோய் உறுதி செய்யப்பட்டது என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. வெறும் சந்தேகமாக இருந்தால் ‘வி’ என்று போட்டிருப்பார். இதய ஆஞ்சைனாவாக இருந்திருந்தால் குறியீடு ‘ஐ 20’ என்று தொடங்கியிருக்கும்.

இந்த எண்கள் சலிப்பூட்டுபவை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் இறப்புக் கணக்கைத் தொகுத்த வில்லியம் ஃபார் 1839-லேயே இதைச் சொல்லி வருந்தினார்: ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள், ஒரே பெயருக்குப் பல நோய்கள். அந்த வருத்தத்தின் தொடர்ச்சியாக வளர்ந்ததுதான் இந்தப் பட்டியல். வெளிநாட்டில் எந்த மருத்துவத் தாள் கைக்கு வந்தாலும் சொல்லை விட்டுவிட்டு எண்ணைத் தேடிப் பாருங்கள். எண்ணுக்கு எல்லா மொழியிலும் ஒரே பொருள்தான்.

புகார் பற்றிக் கேட்டீர்கள். தவறே நடக்காதபோது புகாருக்கு இடமில்லை. ஆனால் உங்களுக்கு உரிமைகள் உண்டு. 2013 முதல் ஜெர்மன் சிவில் சட்டத்தில் நோயாளி உரிமைகள் தனியாகச் சேர்க்கப்பட்டுள்ளன. சிகிச்சை விவரங்களை நோயாளிக்குப் புரியும்படி விளக்குவது டாக்டரின் கடமை. தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கவும் நகல் கேட்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. துண்டுத் தாளில் ஒரு சொல்லோடு நீங்கள் வெளியே வந்திருக்க வேண்டியதில்லை. ‘எனக்குப் புரியவில்லை, தயவுசெய்து இன்னொரு முறை’ என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அடுத்த முறை கூட ஒருவரை அழைத்துப் போங்கள், அல்லது போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பென்சிலினும் இதயமும்

எனக்கு உண்மையில் கவலை தந்தது இந்த இடம்தான். ‘இதயத்துக்காக’ என்று நினைத்துப் பென்சிலினை நிறுத்தினீர்கள். ஆனால் இந்தத் தொண்டைக் கிருமி இதயத்தைத் தொடும் வழி ஒன்று இருக்கிறது, பென்சிலின் அடைப்பதே அந்த வழியைத்தான்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சிக்குச் சரியாக மருந்து எடுக்காத சிலருக்கு, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியைத் தாக்கப் போய், மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. 5 முதல் 15 வயதுக்குள் இது அதிகம். இந்தியாவில் இன்னும் ஒழியவில்லை. கர்ப்பத்தின் ஆறாம் ஏழாம் மாதத்தில் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்து, எக்கோவில் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரியவரும் இளம் பெண்களை நம் அரசு மருத்துவமனைகளில் இன்றும் பார்க்கிறோம். சிறு வயதில் தொண்டை வலி வந்தது கூட அவர்களில் பலருக்கு நினைவிருப்பதில்லை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கணவரின் வயதில் முதல்முறையாக ருமாட்டிக் காய்ச்சல் வருவது அரிது, ஜெர்மனியில் அந்த நோயே மிகக் குறைவு. நோய் தொடங்கி 9 நாட்களுக்குள் பென்சிலின் ஆரம்பித்தாலும் தடுத்துவிடலாம். ஆகவே நேரம் கைமீறவில்லை. ஜெர்மனியில் இப்போது பெரும்பாலும் 5 முதல் 7 நாள் எழுதுகிறார்கள், சில நிலைகளில் 10 நாள். இடையில் விட்டதை எப்படி ஈடுகட்டுவது என்பதை அவரைப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகவே விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள்.

மகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென்சிலின் தொடங்கி ஒரு நாள் ஆனால் பொதுவாகத் தொற்று பரவாது. ஆனால் நீங்கள் நிறுத்திவிட்டதால், அவளுக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ உடம்பில் சிவப்புத் தடிப்போ வந்தால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ருமாட்டிக் காய்ச்சலின் வயது அவளுடைய வயதுதான்.

சார்பிட்ரேட் ஏன் கூடாது

அது ரத்தக்குழாய்களை விரிய வைக்கும் நைட்ரேட் மருந்து. இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு அது நிவாரணம். அடைப்பில்லாதவருக்கு, அதிலும் காய்ச்சலில் சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பவருக்கு, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். நீங்கள் பார்த்த தலைவலியும் கண் இருட்டலும் அந்த மாத்திரையின் வேலையே தவிர, நோயின் அடையாளம் அல்ல. மாத்திரையின் பாதிப்பு சில மணி நேரங்களில் போய்விடும், பயப்பட வேண்டாம். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடலாஃபில் போன்ற மாத்திரை எடுத்துக்கொண்டவருக்கு இதைக் கொடுத்தால் அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழலாம். கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாத மருந்துகளில் இது ஒன்று.

நிஜமாகவே நெஞ்சு வலித்தால்

இந்தக் குழப்பத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதுதான் அதிக ஆபத்தானது. ஊரிலிருந்து மாமனார் உங்களைப் பார்க்க வந்து, ஒரு நாள் அவருக்கு மார்பு வலி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் நீங்கள் போனில் ‘ஆஞ்சைனா’ என்று மட்டும் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் தொண்டை வலி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ‘ப்ருஸ்ட்ஷ்மெர்ட்ஸன்’ என்று சொல்லுங்கள், மார்பு வலி என்று பொருள். இறுக்கமாக இருந்தால் ‘ப்ருஸ்ட்எங்கெ’. இதயம் என்பதற்கு ‘ஹெர்ட்ஸ்’. ஆம்புலன்ஸுக்கு 112. அவசரம் இல்லாத, ஆனால் கிளினிக் திறக்கும் வரை பொறுக்க முடியாத தொந்தரவுகளுக்கு 116117. இந்த மூன்று சொற்களையும் இரண்டு எண்களையும் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

இதய ஆஞ்சைனாவின் வலி சிலருக்குத் தொண்டையிலும் தாடையிலும் தெரியும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேறுபாடு இதுதான்: அதில் காய்ச்சல் இருக்காது, விழுங்கும்போது அதிகமாகாது. நடந்தால், படி ஏறினால் வரும், நின்றால் சில நிமிடங்களில் போகும். உங்கள் கணவருக்கு இருந்தது நேர் எதிர்.

வேலை, இன்சூரன்ஸ்

வேலை பற்றிய பயம் வேண்டாம். 2023 முதல் அரசுக் காப்பீட்டில் உள்ளவர்களின் விடுப்புத் தகவலைக் கம்பெனி மின்னணு முறையில் பெற்றுக்கொள்கிறது. அதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது இருக்கும், நோய் இருக்காது. குறியீடு உள்ள தாள் உங்களுக்கு மட்டும்.

இன்சூரன்ஸில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். நாளை இந்தியாவுக்குத் திரும்பி பாலிசி எடுக்கும்போது, இந்தத் தாளை யாராவது அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தால் அது இதய நோயாளியின் தாளாக மாறிவிடும். மொழிபெயர்ப்பில் டான்சில் அழற்சி என்று இருக்க வேண்டும், எண்ணும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு இந்தக் காரணத்துக்காக ‘ஆம்’ என்று எழுதாதீர்கள். மாமனாரின் ஸ்டென்ட் பற்றிக் குடும்ப வரலாறு கேட்டால் அதை மறைக்கவும் கூடாது.

அடுத்த சில வாரங்கள்

வாய் திறக்க முடியாமை, ஒரு பக்கம் மட்டும் கூடிக்கொண்டே போகும் தொண்டை வலி, எச்சில் வழிதல், குரல் குழறுதல், மூச்சுத் திணறல்: இவற்றில் எது வந்தாலும் டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கலாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த சில வாரங்களில் மூட்டுக்கு மூட்டு மாறும் வலியோ வீக்கமோ, சிறுநீர் கோலா நிறத்தில் போவதோ தெரிந்தால், இந்தத் தொண்டை அழற்சியைக் குறிப்பிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதயத்தைப் பற்றிய உங்கள் அக்கறையை நான் தள்ளிவிடவில்லை. தந்தைக்கு 55 வயதுக்கு முன்பே இதயக் குழாய் அடைப்பு வந்திருப்பது மகனுக்கு உண்மையான எச்சரிக்கை. ஜெர்மனியில் அரசுக் காப்பீடு உள்ளவர்களுக்கு 35 வயது முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமில்லாப் பொது உடல் பரிசோதனை உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அதிலேயே பார்ப்பார்கள். காய்ச்சல் முழுவதும் தணிந்து சில வாரங்கள் கழித்து இதே டாக்டரிடம் அதற்கு நேரம் வாங்குங்கள். பரம்பரையாகக் கூடியிருக்கக்கூடிய லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ரத்தக் கொழுப்பு வகையின் அளவையும் ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேளுங்கள். போகும்போது அப்பாவுக்கு எந்த வயதில், எத்தனை ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதை ஜெர்மன் மொழியில் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போகச் சொல்லுங்கள்.